நாலடிச் சான்றிதழ்

மகேஸ்வரனின் அப்பா சபாபதி ஒரு சனிக்கிழமை இறந்தார். அதனால் பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கருமாதிக்குத் தோதான நாள், யாரும் லீவு போட வேண்டியதில்லை என்று சொந்த ஊரான பாலோவில் உறவினர்கள் பேசிக்கொண்டார்கள்.

மகேஸ்வரன் ஒரே மகன். அவர்கள் வீட்டு வழக்கப்படி மகன் பதினைந்து நாள் தாடி எடுப்பதில்லை. பதினாறாம் நாள் தலை, மீசை, தாடி மூன்றையும் மழித்துக்கொண்டு பிண்டம் வைக்க உட்கார வேண்டும்.

துக்க விடுப்பு மூன்று நாள். ஆறாம் நாள் அவர் தாடியோடு வேலைக்குத் திரும்பினார். மனைவி மலர் மாமியாருக்குத் துணையாகப் பாலோவிலேயே தங்கிவிட்டாள்.

அவர் வேலை செய்தது பாசிர் கூடாங்கில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு செம்பனை எண்ணெய்க் கிடங்கில். பம்ப் அறை ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடம். கப்பலுக்குப் போகிற பாமாயில் எல்லாம் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். எண்ணெய் ஆறினால் கெட்டியாகும். குழாய்க்குள் கெட்டியானால் கப்பல் நின்றுவிடும். ஆகவே பம்ப் அறை நாற்காலி ஒரு நிமிடமும் காலியாக இருக்கக் கூடாது, அடுத்தவர் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் முன்னவர் எழுந்து போகலாம் என்பது கிடங்கின் பழைய விதி. அந்த விதியில் தவறு எதுவும் இல்லை.

நான்கு ஆபரேட்டர்கள். மகேஸ்வரன், ஜீவன், அஸ்மான், லிம். ஷிப்ட் மாறும் முறையும் எளியது. காலை ஏழுக்கோ மாலை ஏழுக்கோ ஜீவன் உள்ளே வருவான். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை மேசையில் வைப்பான்.

"என்னாண்ணே?"

"மூணாம் நம்பர் டேங்க் கொஞ்சம் சூடு. மத்தது ஓகே."

"சரி, போங்க."

புத்தகத்தில் ஒருவர் கொடுத்ததற்கும் மற்றவர் பெற்றதற்கும் இரண்டு கையெழுத்து. மகேஸ்வரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கப்பலும் நிற்கவில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் குறையைப் போக்க மொழித் தரப் பிரிவு தொடங்கப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்த முதலீட்டாளர்கள் பம்ப் அறையைச் சுற்றிப் பார்த்தபோது லிம்மிடம் ஏதோ கேட்டார்கள். லிம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவர்கள் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். ஆனால் நிர்வாகம் வெட்கப்பட்டது. ஏழு பேர் கொண்ட பிரிவு ஒன்றை அமைத்தது. நான்கு பேரின் ஆங்கிலத்தைக் கவனிக்க ஏழு பேர். தலைவர் கமலநாதன். அவர் முன்பு கேன்டீன் ஒப்பந்தங்களைப் பார்த்தவர். ஆலோசகர் முனைவர் விசுவலிங்கம். அவருக்கு ஒரு கோட்பாடு இருந்தது.

ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான வினைச்சொற்கள் உள்ளன. தொழிலாளியின் மூளைக்கு அது அதிகச் சுமை. ஒன்று போதும். டேக். அதன் பின்னால் எதை ஒட்டினாலும் ஒரு வேலை நடந்துவிடும். டேக் ஓவர் என்றால் பொறுப்பேற்பது. டேக் நோட் என்றால் குறித்துக்கொள்வது. டேக் பார்ட் என்றால் கலந்துகொள்வது. இப்படி இருநூற்றுப் பதினான்கு தொடர்களை அவர் தொகுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு, தனிச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் அந்தத் தொடரைச் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாததைச் செய்யவும் கூடாது. கோட்பாடு அவ்வளவுதான்.

தொடர்கள் பதவிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழியை ஏற்கும் 'டேக் த பிளேம்' ஆபரேட்டர்களுக்கு முதல் மாதத்திலேயே வைக்கப்பட்டது. பெயரைத் தட்டிக்கொண்டு போகும் 'டேக் த கிரெடிட்' மேலாளர்களுக்கு மட்டும். 'டேக் யுவர் டைம்' இயக்குநர் நிலைக்குக் கீழே கிடையாது. இடைவேளைக்கான 'டேக் எ பிரேக்' மூன்றாம் கட்டத்தில் வருவதால் அதுவரை தேநீர் நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆபரேட்டர்கள் நின்றுகொண்டு குடித்தார்கள். உட்கார்ந்தால்தான் அது இடைவேளை என்று கமலநாதன் விளக்கம் தந்திருந்தார்.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, வாசலில் வைத்து மகேஸ்வரனைப் படம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. கமலநாதன் கேமராத் திரையைப் பார்த்தார்.

"நல்ல முகம் மிஸ்டர் மகேஸ். அப்படியே இருங்க. ஷேவ் பண்ணிடாதீங்க."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் எடுக்க மாட்டேன் சார். அடுத்த ஞாயிறு."

"வெரி குட்."

திங்கட்கிழமை கேன்டீனில் தேர்வு. நான்கு பேர் எழுத வந்தார்கள். அறுபது பேர் பார்க்க வந்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். துஆ ஓதினார்கள். நாட்டுப்பண் பாடினார்கள். விசுவலிங்கத்துக்குக் கமலநாதன் பொன்னாடை போர்த்தினார். கமலநாதனுக்கு விசுவலிங்கம் பொன்னாடை போர்த்தினார். இரண்டும் ஒரே நிறம். பிறகு விசுவலிங்கம் ஆங்கிலத்தில் உரையாற்றினார். தமிழில் அது இப்படி வரும்:

"நான் எத்தனையோ நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளும் பண்பாடு இவ்வளவு ஆழமாக வேரூன்றிய இடத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. மேலே இருப்பவர்கள் பாடம் படிக்காமலேயே இதில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. கிவ் என்ற வினைச்சொல்லையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கொடுப்பது செலவு பிடிக்கும் வினை. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் அது இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். மேலாளர்கள் வரிசையில் சத்தம் அதிகம்.

தேர்வு இதுதான். தரையில் மஞ்சள் கோடு. ஒரு பக்கம் முன்னவராகக் கமலநாதன் நிற்பார். மறுபக்கம் தேர்வர் நின்று வலது கையை நீட்டி, 'ஐ டேக் ஓவர்' என்று சொல்ல வேண்டும். அப்போது முகத்தில் பொறுப்பு தெரிய வேண்டும். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மூன்று நடுவர்கள் எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அஸ்மான் சிரித்துவிட்டார். தோல்வி. லிம் மிக வேகமாகச் சொல்லிவிட்டார். அவசரப்பட்டுப் பொறுப்பேற்பவர் அவசரப்பட்டு விட்டுவிடவும் கூடும் என்று நடுவர் எழுதினார். ஜீவன் ஒழுங்காகத்தான் சொன்னான். முகத்தில் பொறுப்பு ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தது.

"எங்கண்ணே பாத்து அளந்தானுங்க?" என்று ஜீவன் திரும்பி வந்து கேட்டான். "புருவத்துலயா?"

"சும்மா இர்றா."

மகேஸ்வரன் கோட்டில் நின்றார். கையை நீட்டினார். சொன்னார். மூன்று அட்டைகளும் பத்து காட்டின.

விசுவலிங்கம் எழுந்து வந்து அவர் முகத்தை அருகில் பார்த்தார். "அற்புதம். இந்த வெளிப்பாட்டை எப்படிக் கொண்டு வந்தீங்க? எங்காவது பயிற்சியா?"

"இல்ல சார். அப்பா இறந்துட்டாரு. பத்து நாளாச்சு."

"எக்ஸலண்ட்," என்றார் விசுவலிங்கம். நடுவர்களைப் பார்த்து, "நோட் பண்ணிக்கோங்க," என்றார்.

திரை விலகியது. பின்னால் ஒரு பலகை. நாலடி உயரம், மூன்றடி அகலம். பரிசளிப்பு விழாக்களில் மாதிரிக் காசோலை தூக்கிக்கொண்டு நிற்பார்களே, அந்த அட்டை. அதில் மகேஸ்வரனின் தாடி வைத்த படமும், பெயரும், 'டேக் ஓவர் சான்றிதழ்' என்ற எழுத்துகளும் இருந்தன. தேதி முந்தின சனிக்கிழமை. பட்ஜெட்டில் ஒரு பலகைக்குத்தான் இடம் இருந்தது, அதனால் ஒருவர்தான் தேற முடியும் என்று பிரிவின் குமாஸ்தா பிறகு ஜீவனிடம் சொன்னாள். எல்லாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். மகேஸ்வரன் பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டார். பரவாயில்லை, பலகையில்தான் முகம் இருக்கிறதே என்றார் கமலநாதன்.

பலகையைப் பம்ப் அறையில் வைத்தார்கள். சுவரில் ஆணி தாங்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்.

புதன்கிழமை விதி அமலுக்கு வந்தது. மகேஸ்வரனுக்குக் காலை ஷிப்ட். மாலை ஏழு மணிக்கு ஜீவன் தேநீர்ப் பையோடு வந்தான்.

"என்னாண்ணே?"

"எல்லாம் ஓகே. போறேன்டா."

புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போனான். பெற்றவர் என்ற கட்டத்தின் கீழே புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது. டேக் ஓவர் சான்றிதழ் எண். ஜீவனிடம் எண் இல்லை. கமலநாதனுக்குப் போன் போட்டார்கள்.

"அவர் டேக் ஓவர் பண்ண முடியாது," என்றார் கமலநாதன். "சான்றிதழ் இல்ல."

"அப்ப யாரு சார் பண்ணுவா?"

"சான்றிதழ் வச்சிருக்கறவங்க."

"நான் ஒருத்தன்தான் சார் வச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன, பிரச்சினையே இல்லையே!"

அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டார் மகேஸ்வரன். மூன்று வாரம் கழித்து. நடுவர்கள் மூவரும் லங்காவிக்குக் கருத்தரங்குக்குப் போயிருந்தார்கள். இந்தத் திட்டத்தின் வெற்றியைப் பற்றி.

ஜீவன் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல வால்வுகளைப் பார்த்தான், சூட்டைக் குறித்தான், கப்பலோடு ரேடியோவில் பேசினான். வேலையை அவன் செய்தான். பொறுப்பில் மகேஸ்வரன் இருந்தார். பொறுப்பு என்பது அங்கே இருப்பது. அவர் மேசைக்குப் பின்னால் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை அஸ்மான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மாலை லிம். நால்வரில் ஒருவரும் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கமலநாதன் இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்கள் ஒரு கண்ணாடியைத் தூக்கி வந்திருந்தார்கள். ஆள் உயரம்.

"விதிப்படி ரெண்டு பேர் எதிரெதிரா நிக்கணும்," என்றார் கமலநாதன். "நேத்து சாயங்காலமும் இன்னைக்குக் காலைலயும் நீங்க உங்ககிட்டருந்தே டேக் ஓவர் பண்ணியிருக்கீங்க. ஆனா எதிர்ல யாரும் இல்ல. அது குறை. இனிமே கண்ணாடி முன்னால நின்னு சொல்லுங்க. முகத்த ஞாபகம் வச்சுக்கோங்க."

"சார், ஞாயித்துக்கெழம அப்பாவுக்குக் கருமாதி. நான் ஒரே பையன். பாலோவுக்குப் போகணும்."

"ஓ. சொல்லவே இல்லையே."

"சொன்னேன் சார். தேர்வுலயே சொன்னேன்."

"அது தேர்வுல. ஃபாரம்ல?"

ஃபாரம் இருந்தது. விடுப்பில் போவது 'டேக் லீவ்' என்ற தொடரின் கீழ் வந்தது. ஒன்பதாம் கட்டம். இறுதிச் சடங்கில் கலந்துகொள்வது 'டேக் பார்ட்'. நான்காம் கட்டம். நான்கு முடிக்காமல் ஒன்பதுக்குப் போக முடியாது. தேர்வு எழுத நேரில் வர வேண்டும். பம்ப் அறையை விட்டு நேரில் எங்கும் போகக் கூடாது.

"நீங்க உண்மைய சொல்லிட்டுப் போகணும்னு நெனக்கறீங்க, எனக்குப் புரியுது," என்றார் கமலநாதன். "சில பேரு சொல்லாமலே போயிடுவாங்க. அவங்கள எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உங்கள மாதிரி கேக்கறவங்களத்தான் நாங்க வழிநடத்த முடியும்."

அன்று மாலை தங்கை பிரேமலா போன் செய்தாள். யோங் பெங்கில் பேரங்காடியில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"எப்பண்ணே வர? கருமாதி பண்ற பண்டாரம் சாமான் லிஸ்ட் குடுத்திருக்காரு. கருப்பு எள்ளு அரைக் கிலோவாம். அரைக் கிலோ எதுக்குன்னு கேட்டா மொறைக்கிறாரு."

மகேஸ்வரன் நடந்ததைச் சொன்னார்.

"வெளாடறியா?"

"இல்ல."

"ஆள் யாரும் இல்லயா அங்க?"

"மூணு பேரு இருக்காங்க. மூணு பேருக்கும் வேல தெரியும்."

"அப்புறம்?"

"சான்றிதழ் இல்ல."

"அலமாக்," என்றாள் பிரேமலா. "அம்மா பக்கத்துலதான் இருக்கு. பேசறியா?"

அம்மா அங்கம்மா போனை வாங்கினாள். "ஏய்யா, ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு உக்காரணுமாம். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"தாடிய எடுத்துடாத. இங்க வந்து எடுத்துக்கலாம்."

"சரிம்மா."

வெள்ளிக்கிழமை மொழித் தரப் பிரிவு முழுவதும் பம்ப் அறைக்கு வந்தது. ஏழு பேர். கையில் சட்டம் போட்ட ஒரு இரங்கல் வாசகம். 'டேக் ஹார்ட்', மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று பொருள். அந்தத் தொடருக்கும் மகேஸ்வரனிடம் சான்றிதழ் இல்லை. துக்கத்தை முன்னிட்டு விலக்கு அளித்திருந்தார்கள். பதினான்கு நாள் செல்லும்.

கமலநாதன் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கி, வந்திருந்தவர்களில் பலர் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார்.

"மிஸ்டர் மகேஸ்வரனின் இழப்பு நம் நிறுவனத்தின் இழப்பு. இன்னொரு வகையில் பார்த்தால் அது நம் நிறுவனத்தின் லாபமும்கூட. இந்த இழப்பு இல்லாவிட்டால் அந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது. மற்ற ஆபரேட்டர்களின் பெற்றோர் நலமாக இருப்பதாக அறிகிறேன். அவர்களிடம் நாம் இதை எதிர்பார்க்க முடியவில்லை. ஆகவே பயிற்சித் திட்டத்தை மறுபரிசீலனை செய்து வருகிறோம். மூன்று நாளாக மிஸ்டர் மகேஸ்வரன் பணியிடத்தை விட்டு அகலவில்லை. இது நம் பயிற்சியின் பலன். இதற்கு முன்னால் இப்படி ஒருவரும் இருந்ததில்லை."

லிம் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறாம் நம்பர் டேங்கிலிருந்து ஒரு கப்பலை நிரப்பிக்கொண்டிருந்தார். சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு படம் எடுத்தார்கள்.

போகும்போது கமலநாதன் மகேஸ்வரனைத் தனியாக அழைத்தார். அறையின் மூலை வரை.

"ஞாயித்துக்கெழம தணிக்கை. கோலாலம்பூர்லருந்து மூணு பேரு வராங்க. பத்து மணி. இந்தத் திட்டத்த எல்லாக் கெடங்குக்கும் கொண்டு போறதா இல்லையான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஒரே ஒரு விஷயம். சவரம் பண்ணக் கூடாது. பலகைல தாடி இருக்கு. நேர்லயும் தாடி இருக்கணும். இல்லன்னா சான்றிதழ் வேற ஆளோடதுன்னு ஆயிடும்."

"கருமாதி முடிஞ்சா எடுத்துத்தான் ஆகணும் சார். வழக்கம்."

"புதுப் பலகைக்கு பட்ஜெட் இல்ல மிஸ்டர் மகேஸ்."

"எத்தன நாளைக்கு சார் தாடி வச்சுக்கறது?"

கமலநாதன் யோசித்தார். "பலகை இருக்கற வரைக்கும்," என்றார்.

சனிக்கிழமை காலை ஜீவன் தேநீரோடு ஒரு தாளும் கொண்டு வந்தான். தணிக்கைக்கான சரிபார்ப்புப் பட்டியல். எல்லா ஆபரேட்டர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

"படிச்சீங்களாண்ணே?"

"என்னத்த படிக்கறது!"

"படிங்க. பன்னெண்டு ஐட்டம்."

மகேஸ்வரன் படித்தார். சான்றிதழ் அறையில் கண்ணில் படும்படி உள்ளதா. சான்றிதழில் படம் உள்ளதா. கண்ணாடி துடைக்கப்பட்டுள்ளதா. மஞ்சள் கோடு அழியாமல் உள்ளதா. புத்தகத்தில் இரண்டு கையெழுத்தும் உள்ளனவா. இரங்கல் வாசகம் நேராக மாட்டப்பட்டுள்ளதா. நாற்காலி காலியாக இல்லாமல் உள்ளதா. இப்படியே பன்னிரண்டு.

"அதுல ஆளு எங்கண்ணே இருக்காரு?" என்றான் ஜீவன்.

மகேஸ்வரன் மறுபடி படித்தார். இல்லை.

"நாக்காலி காலியா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு," என்றான் ஜீவன். "என்னா வைக்கணும்னு போடல."

இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள்.

"பாவம் டா," என்றார் மகேஸ்வரன்.

"யாரு?"

மகேஸ்வரன் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"நாளைக்கு நான்தான் ஸ்டூல்ல உக்காருவேன். வால்வு பாக்கறது நானு. பொறுப்பு பலகையோடது. இப்பவும் அப்படித்தான நடக்குது? என்னா சூசா, என்னா கஷ்டம் இருக்கு இதுல? நீங்க போய்ட்டு வாங்கண்ணே."

"மாட்டுனா?"

"மாட்டுனா டேக் த பிளேம். அதுக்கு என்கிட்ட சான்றிதழ் இருக்கு லா. அதுல எல்லாரும் பாஸு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகேஸ்வரன் கண்ணாடி முன்னால் நின்றார். கையை நீட்டினார். தாடி வைத்த ஒரு மனிதரும் கையை நீட்டினார். இருவரும் சொன்னார்கள். புத்தகத்தில் கொடுத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெற்றவர் கட்டத்திலும் போட்டார். பிறகு பலகையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். சரிந்தது. ஜீவன் பாதுகாப்பு பெல்ட்டால் அதை முதுகோடு சேர்த்துக் கட்டினான். ஹெல்மெட்டை எடுத்து மேல் விளிம்பில் மாட்டினான்.

"இது வேணாம்டா."

"பாதுகாப்பு முக்கியம்ணே."

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்தார். பொறுப்பை ஒப்படைத்த சீட்டு எங்கே என்று கேட்டார். மகேஸ்வரன் காட்டினார். ஒப்படைத்தவர் மகேஸ்வரன். ஏற்றவர் மகேஸ்வரன். ஜாகா இரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்தார். இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. கதவைத் திறந்தார்.

அவர் பாலோ போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபது. வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. சபாபதி முப்பத்தெட்டு வருடம் இந்த மரங்களில் குலை வெட்டினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் கை தூக்குவார். ஒருவர் வராவிட்டால் பக்கத்து வரிசைக்காரர் அந்த மரங்களையும் சேர்த்து வெட்டுவார். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் எதுவும் இல்லை.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். பண்டாரம் தொடங்கிவிட்டார். பாயில் பிரேமலா உட்கார்ந்திருந்தாள். ஈரத்தலை. விரலில் தர்ப்பை மோதிரம். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வர மாட்டேன்னு நெனச்சுட்டேண்ணே. நேரம் ஆகுதுன்னாரு. யாராச்சும் உக்காரணுமேன்னு உக்காந்துட்டேன்."

"நீயே உக்காரு. நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார் பண்டாரம். "அப்பா ரெண்டு பேருக்கும் அப்பாதான? மொதல்ல போய்த் தலைய எடுத்துட்டுக் குளிச்சுட்டு வாங்க. நான் அதுக்குள்ள பிண்டத்தப் பிடிச்சு வைக்கறேன்."

பிரேமலா கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். யாரும் கையை நீட்டவில்லை. முகத்தை அளக்கவில்லை. மூன்று வினாடி ஆகியிருக்கும்.

வீட்டுப் பின்பக்கம், குழாயடியில் ஸ்டூல் போட்டு முடிவெட்டுபவர் காத்திருந்தார். மகேஸ்வரன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் விழுந்தது. கத்தி உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அங்கம்மா கையில் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். மகனைப் பார்த்தாள்.

பாதித் தலை முடிந்தபோது போன் அடித்தது. கமலநாதன். பின்னால் பல பேர் சிரிக்கும் சத்தம்.

"மிஸ்டர் மகேஸ்! தணிக்கை முடிஞ்சுது. பன்னெண்டுக்குப் பன்னெண்டு!"

"சரிங்க சார்."

"பத்து மணிக்குன்னு சொன்னாங்க, ஒம்போதுக்கே வந்துட்டாங்க. அதுவும் நல்லதாப் போச்சு. ஆபரேட்டர் ரொம்ப அமைதியா, கவனம் சிதறாம இருந்தாருன்னு எழுதியிருக்காங்க. கேள்வி கேட்டதுக்குத் தப்பா ஒண்ணும் சொல்லலியாம். இதுவரைக்கும் பாத்ததுலயே சிறந்த ஆபரேட்டராம்."

கத்தி காதுக்குப் பின்னால் போனது.

"நான் அப்புறம் வந்து பாத்தேன் மிஸ்டர் மகேஸ்," என்றார் கமலநாதன். குரல் தாழ்ந்தது. "நீங்க அங்க இல்ல. பெல்ட் போட்டு என்னமோ இருக்கு. ஜீவன கேட்டா வால்வ பாக்கணும்னு திரும்பிக்கறாரு. எங்க இருக்கீங்க?"

"பாலோல சார்."

"அப்படிச் சொல்லாதீங்க. ரிப்போர்ட்ல கையெழுத்து ஆயிருச்சு. ரிப்போர்ட்படி நீங்க நாக்காலிலதான் இருக்கீங்க. அத இனிமே மாத்த முடியாது. மாத்தினா திட்டம் போயிடும். எங்க ஏழு பேரு வேலையும் போயிடும். புரியுதா? நாளைக்குக் காலைல ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து அந்தப் பலகைகிட்டருந்து டேக் ஓவர் பண்ணிக்கோங்க."

"பலகை குடுக்குமா சார்?"

"குடுக்கறது நம்ம பாடத்துல இல்லையே. நீங்க எடுத்துக்கிட்டா போதும். ஆனா ஒண்ணு, தாடி. தாடி மட்டும் அப்படியே இருக்கணும். தாடி இருந்தாத்தான் நீங்க நீங்க. இல்லன்னா வாசல்ல விட மாட்டாங்க. பலகைதான் ஆபரேட்டர்னு எழுத வேண்டியதாப் போயிடும். எழுதிடுவோம், எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. இருபத்திரண்டு வருஷ வேல மிஸ்டர் மகேஸ். யோசிங்க. தாடி இருக்குல்ல?"

முடிவெட்டுபவர் தலையை முடித்துவிட்டார். கத்தியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். போனில் பேசுகிறவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் தன் கன்னத்தைத் தடவிக் காட்டிச் சைகையில் கேட்டார்.

கூடாரத்துப் பக்கமிருந்து பண்டாரத்தின் மணிச் சத்தம் வந்தது. "அண்ணே, ஆச்சா?" என்று பிரேமலா கூப்பிட்டாள்.

"மிஸ்டர் மகேஸ்? லைன்ல இருக்கீங்களா? தாடி இருக்குல்ல?"

மகேஸ்வரன் போனை அம்மாவிடம் கொடுத்தார். முகத்தை நிமிர்த்தினார்.

"எல்லாத்தையும் எடுத்துருங்க," என்றார்.